இரண்டு நிமிடத்தை ஒரு வாரமாக்குவது எப்படி: பெப்டைடு மருந்துகள் பயில வரும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்தியலிலும் மருந்தாக்க வேதியியலிலும் முதுகலை பயிலும் மாணவர்களுக்கு,

உடல் சுரக்கும் பெப்டைடு ஹார்மோன்களில் பெரும்பாலானவை, வந்த வேலை முடிந்ததும் மறைந்துவிட வேண்டியவை. சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1, கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெளிவிடச் செய்கிறது. ரத்தத்தில் அதன் அரைவாழ்நாள் சுமார் 2 நிமிடம். வளர்ச்சி ஹார்மோனை அடக்கும் சொமட்டோஸ்டேட்டினுக்கும் சில நிமிடங்கள்தான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான சேதி அடுத்த வேளை வரை நீடித்தால் உடலின் கணக்குத் தப்பிவிடும். ஆகவே இந்தச் சொற்ப ஆயுள் ஹார்மோனுக்கு ஒரு தகுதி. அதையே மருந்தாகக் கொடுக்க நினைக்கும்போதுதான் அது குறையாகிறது. மாற்றியமைத்த பெப்டைடு மருந்துகளின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரு குறையோடு நடந்த மல்லுக்கட்டு. ஏற்பியை மருந்து எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்ற எண்ணையே துரத்தும் பாடங்களில் இது போதிய அளவு பேசப்படுவதில்லை.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு தொடர். எத்தனை அமினோ அமிலம் வரை பெப்டைடு, எதற்கு மேல் புரதம் என்பதற்குக் கறாரான எல்லை இல்லை. 50க்குள் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினை இரண்டு பக்கத்தாரும் உரிமை கொண்டாடுகிறார்கள். ஆஸ்பிரின் போன்ற சிறு மூலக்கூறுகளால் ஏற்பியின் ஒரு சிறு குழியைத்தான் நிரப்ப முடியும். பெப்டைடு அகலமான பரப்பில் படிந்து உட்காரும். அதனால் வேண்டிய ஏற்பியை மட்டும் தேர்ந்து பிடிக்கும் திறன் அதற்கு அதிகம், வேண்டாத இடத்தில் ஒட்டும் தொல்லை குறைவு. சிதைந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் அமினோ அமிலங்களே.

பாதகங்கள் மூன்று வழியில் வருகின்றன. ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள நொதிகள் தொடரை வெட்டுகின்றன. வெட்டுக்குத் தப்பியதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளுகிறது. குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போகவும் வழியில்லை. தொடர் நெடுகிலும் உள்ள நைட்ரஜன்-ஹைட்ரஜன் இணைகள் தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்வதால், கொழுப்பாலான செல் சவ்வுக்குள் நுழைய அவை இடம் கொடுப்பதில்லை. இந்த மூன்றில் எதைத் தீர்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாமல் அமினோ அமிலங்களை மாற்றிக்கொண்டே போவது நேர விரயம்.

பெப்டைடு ஹார்மோனை ஆய்வகத்தில் கட்ட முடியும் என்று காட்டியவர் வின்சென்ட் டு விக்னோ. 9 அமினோ அமிலங்கள் கொண்ட ஆக்ஸிடோசினை அவர் 1953இல் செயற்கையாகத் தயாரித்தார். 1955இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு படியிலும் விளைபொருளைப் பிரித்துத் தூய்மையாக்கும் அந்த முறையில் நூறு மாற்று வடிவங்களைச் செய்து பார்ப்பது யாராலும் ஆகாது. 1963இல் புரூஸ் மெரிஃபீல்டு, முதல் அமினோ அமிலத்தைப் பாலிஸ்டைரீன் மணியில் நங்கூரமிட்டு, அடுத்தடுத்தவற்றை அதன்மேல் கோத்து, மிச்சமானதை ஒவ்வொரு முறையும் கழுவி ஊற்றும் முறையை வெளியிட்டார். இன்றும் ஆய்வகங்களில் ஓடும் தானியங்கிப் பெப்டைடு இயந்திரங்களுக்கு அதுவே அடிப்படை. அதற்கென்று ஒரு கொடுமையான கணக்கும் உண்டு. 30 அமினோ அமிலத் தொடருக்கு 29 இணைப்புகள் வேண்டும். ஒவ்வொரு இணைப்பும் 99 சதவீதம் நிறைவேறினால் கடைசியில் 75 சதவீதம் சரியான தொடர் கிடைக்கும். 95 சதவீதம் மட்டுமே நிறைவேறினால் கிடைப்பது 23 சதவீதத்துக்கும் குறைவு. மீதி எல்லாம் ஒன்றிரண்டு அமினோ அமிலம் விட்டுப்போன குறைத் தொடர்கள்.

தொடர் கைக்கு வந்தபின் முதல் வேலை, எந்த அமினோ அமிலம் உண்மையில் உழைக்கிறது என்று அறிவது. ஒவ்வோர் இடத்திலும் அலனினை வைத்துப் பார்ப்பது நாள்பட்ட உத்தி. அலனினின் பக்கச்சங்கிலி வெறும் ஒரு மெத்தில் தொகுதி. அதை வைத்ததும் வேலை நின்றுபோனால் அங்கே முன்பிருந்த பக்கச்சங்கிலி இன்றியமையாதது. நிற்காவிட்டால் அது கைவைக்கத் தோதான இடம். முனைகளிலிருந்து ஒவ்வொன்றாக நறுக்கிப் பார்ப்பது இன்னொரு வழி.

இந்த நறுக்கல் வேலைக்கு ஆக்ட்ரியோடைடை மிஞ்சிய எடுத்துக்காட்டு இல்லை. 1973இல் ரோஜர் கியமேன் ஆய்வகம் கண்டறிந்த சொமட்டோஸ்டேட்டினில் 14 அமினோ அமிலங்கள். வேலை செய்வது அவற்றில் நான்கு: ஃபினைல் அலனின், டிரிப்டோபேன், லைசின், திரியோனின். தொடர் ஒரு கொண்டை ஊசி வளைவு எடுக்கும் இடத்தில் இந்த நான்கும் அமர்ந்திருக்கின்றன. மற்றவை பெரும்பாலும் அந்த வளைவைத் தாங்கிப் பிடிப்பவை. மெர்க் நிறுவனத்தில் டேனியல் வெபர், ரால்ஃப் ஹிர்ஷ்மன் குழு வளைவின் முக்கியத்துவத்தைப் படிப்படியாக நிறுவியது. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் வில்ஃப்ரீட் பவர் குழு 1982இல் 8 அமினோ அமிலங்களுக்குள் அதைச் சுருக்கியது. இரண்டு சிஸ்டீன்களுக்கு இடையிலான கந்தகப் பாலம் வளைவை இறுக்கிப் பிடிக்கிறது. டிரிப்டோபேன் அதன் கண்ணாடிப் பிம்ப வடிவமான டி-டிரிப்டோபேனாக மாற்றப்பட்டதால் வளைவு மேலும் உறுதியானது. முன்முனையில் டி-ஃபினைல் அலனின் இருப்பதால் அந்தப் பக்கத்திலிருந்து கடிக்க வரும் நொதிக்குப் பிடி கிடைப்பதில்லை. பின்முனையின் அமிலத் தொகுதி ஆல்கஹாலாக மாற்றப்பட்டிருப்பதால் அந்தப் பக்கமும் வழி அடைபட்டது. அரைவாழ்நாள் சுமார் ஒன்றரை மணி நேரமாக உயர்ந்தது. அமெரிக்காவில் 1988இல் ஒப்புதல் பெற்ற இந்த மருந்து, கை கால்கள் பெருத்துப்போகும் அக்ரோமெகலி நோய்க்கும் சில ஹார்மோன் சுரக்கும் கட்டிகளுக்கும் இன்றும் கைகொடுக்கிறது. பின்னாளில் அதையே மட்கும் பாலிமர் மணிகளுக்குள் அடைத்து மாதம் ஒரு ஊசியாக்கினார்கள். மூலக்கூறு ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். மருந்து ஒரு மாதம் தாங்குகிறது. எல்லாப் பிரச்சினையையும் மூலக்கூறுக்குள்ளேயே தீர்க்க வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை.

டி-வடிவ அமினோ அமிலம் செலவில்லாத கவசம். உடலின் நொதிகள் எல்-வடிவத்துக்குப் பழகியவை. வாசோபிரசினின் 8ஆம் இடத்து ஆர்ஜினினை டி-வடிவமாக்கி, முதல் இடத்து அமினோ தொகுதியை நீக்கியதும் டெஸ்மோபிரசின் பிறந்தது. ஆயுள் நீண்டதோடு ரத்த அழுத்தத்தை ஏற்றும் குணம் பெரும்பாலும் உதிர்ந்துபோய், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் குணம் மட்டும் நின்றது. ஆயுளை நீட்டப் போய்ச் சேதியே தலைகீழான கதையும் உண்டு. மூளையின் ஹைப்போதலாமஸ் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, துடிப்புத் துடிப்பாக வெளிவிடும் ஜிஎன்ஆர்எச் ஹார்மோன் பாலியல் ஹார்மோன்களைச் சுரக்க வைக்கிறது. அதன் 6ஆம் இடத்தில் டி-லியூசினை வைத்து உருவாக்கிய லியூப்ரோலைடு விடாமல் ஏற்பியிலேயே இருப்பதால், சில வாரங்களில் செல் அந்த ஏற்பிகளை உள்ளிழுத்துக்கொள்கிறது. டெஸ்டோஸ்டிரோன் அடியோடு விழுகிறது. தூண்ட வேண்டிய மருந்து அடக்கும் மருந்தாகி, 1985 முதல் புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. அரைவாழ்நாளை வெறும் வசதி என்று நினைப்பவர்கள் இந்த மருந்தை ஒரு முறை நன்றாகப் படிக்க வேண்டும்.

இனி ஜிஎல்பி-1. இதில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தனிக் காரணம் சொல்ல முடியும் என்பதால் விரிவாகப் பார்ப்பது நல்லது. இதன் எண்ணிக்கை 7இல் தொடங்குகிறது, ஏனெனில் முன்னோடித் தொடரின் முதல் 6 அமினோ அமிலங்கள் உடலிலேயே நறுக்கப்படுகின்றன. 7ஆம் இடத்தில் ஹிஸ்டிடின், 8இல் அலனின், 9இல் குளுட்டாமிக் அமிலம். டிபிபி-4 என்ற நொதி, இரண்டாவது இடத்தில் அலனினோ புரோலினோ இருக்கும் தொடர்களைத் தேடிப்பிடித்து முதல் இரண்டையும் சேர்த்து வெட்டும். ஹிஸ்டிடின் போய்விட்டால் ஏற்பியைத் தூண்டும் திறனும் ஏறக்குறையப் போய்விடும். ஆக 30 அமினோ அமிலம் கொண்ட ஹார்மோனின் தலையெழுத்து ஒரே ஒரு பிணைப்பில் இருக்கிறது.

முதல் விடை ஒரு பல்லியிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் ஜான் எங் கண்டறிந்த எக்சென்டின்-4, 39 அமினோ அமிலங்கள் கொண்டது. மனித ஜிஎல்பி-1ஐப் பாதிக்குப் பாதி ஒத்தது. அதன் இரண்டாம் இடத்தில் அலனின் இல்லை, கிளைசின் இருக்கிறது. டிபிபி-4 அதைச் சீண்டுவதில்லை. 2005இல் எக்செனடைடு என்ற பெயரில் அது மருந்தானது. ஆனால் சிறுநீரகம் அதை வடிகட்டிவிடுவதால் நாளுக்கு இரண்டு ஊசி தேவைப்பட்டது.

டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தில் லாட்டே பியெரே நுட்சன் குழு வேறு பக்கத்திலிருந்து வந்தது. ரத்தத்தில் மிகுதியாக உள்ள ஆல்புமின் புரதம் உடலில் கொழுப்பு அமிலங்களைச் சுமந்து திரிகிறது. அது சிறுநீரகச் சல்லடையில் நுழையாத அளவு பெரியது. அரைவாழ்நாள் 19 நாள். பெப்டைடின் மேல் ஒரு கொழுப்பு வாலை ஒட்டிவிட்டால், நெரிசல் பேருந்தின் படிக்கட்டில் தொற்றிக்கொள்பவரைப் போல அதுவும் ஆல்புமினோடு பயணம் போகலாம். 26ஆம் இடத்து லைசின் அதற்கு ஏற்ற கொக்கி. சிக்கல் என்னவென்றால் 34இலும் ஒரு லைசின் இருக்கிறது; இரண்டிலும் வால் ஒட்டினால் கலப்படம்தான் மிஞ்சும். ஆகவே 34ஐ ஆர்ஜினினாக்கினார்கள். மின்னூட்டம் அதேதான், வால் மட்டும் ஒட்டாது. 26இல் ஒரு குளுட்டாமிக் அமிலத்தை இடையில் வைத்து 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலம் இணைக்கப்பட்டது. இதுதான் லிராகுளுடைடு. அரைவாழ்நாள் 13 மணி நேரம், நாளுக்கு ஒரு ஊசி. அமெரிக்க ஒப்புதல் 2010இல் வந்தது.

வாரம் ஒரு ஊசி என்ற இலக்குக்கு மேலும் சில மாற்றங்கள் தேவைப்பட்டன. வால் 18 கார்பனாக நீண்டு, அதன் நுனியிலும் ஓர் அமிலத் தொகுதி வந்தது. வாலுக்கும் தொடருக்கும் நடுவே நீரில் கரையும் நீளமான இணைப்பு சேர்ந்தது. ஆல்புமின் பிடி இறுகியது. ஆனால் வாரக்கணக்கில் ரத்தத்தில் இருக்கப்போகும் தொடருக்கு டிபிபி-4 மீண்டும் பெரிய ஆபத்து. இங்கேதான் 8ஆம் இடத்து அலனின், சுருக்கமாக ஏஐபி எனப்படும் அமினோஐசோபியூடிரிக் அமிலத்துக்கு இடம் விட்டது. அலனினின் மையக் கார்பனில் ஒரு மெத்திலும் ஒரு ஹைட்ரஜனும் இருக்கும். ஏஐபியில் இரண்டும் மெத்தில். எடையில் கூடுவது 14 டால்டன் மட்டுமே. 4,114 டால்டன் எடையுள்ள மூலக்கூறில் அது கண்ணுக்கே தெரியாத மாற்றம், ஆனால் நொதியின் வாய்க்குள் அந்தக் கூடுதல் மெத்தில் நுழையாது.

இந்த இடத்தில் சென்னைக்கு நேரடித் தொடர்பு உண்டு. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும், பெப்டைடுத் தொடரின் ஃபை, சை என்ற இரு முறுக்குக் கோணங்களில் எந்தெந்தச் சேர்க்கைக்கு அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காது என்று கணக்கிட்டு ஒரு வரைபடமாக வெளியிட்டார்கள். ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் முழுவதும் வழங்குவது அதுவே. பக்கச்சங்கிலியே இல்லாத கிளைசினுக்கு அந்த வரைபடத்தில் பரந்த இடம். அலனினுக்குக் குறைவு. இரண்டு மெத்தில் கொண்ட ஏஐபிக்கு மிகக் குறுகிய இடம்; சுருள் அமைப்பைத் தவிர வேறு வழி அதற்கு அநேகமாக இல்லை. பூஞ்சைகள் சுரக்கும் சில பெப்டைடுகளில் ஏஐபி இயற்கையாகவே உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி. பலராம் குழு இத்தகைய தொடர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. மெத்தில் ஒன்றைக் கூட்டுவது நொதியைத் தடுப்பதோடு தொடரின் உருவத்தையும் கட்டிப்போடும் என்ற அறிவு, மருந்து நிறுவனங்கள் அதைப் பயன்படுத்துவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இருந்தது.

இப்படி உருவான செமாகுளுடைடின் அரைவாழ்நாள் ஏறக்குறைய ஒரு வாரம். 2017இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. ஜிஎல்பி-1 ஆய்வுக்காக ஜோயல் ஹேபனர், ஸ்வெட்லானா மொய்சோவ், நுட்சன் மூவருக்கும் 2024இல் லாஸ்கர் விருது கிடைத்தது. மாணவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஏற்பியைப் பற்றும் திறனில் செமாகுளுடைடு லிராகுளுடைடைவிட சுமார் மூன்று மடங்கு பலவீனமானது. பிணைப்புத் திறன் அட்டவணையை மட்டும் வைத்துத் தேர்ந்திருந்தால் இந்த மூலக்கூறு முதல் சுற்றிலேயே குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும். சிறிது பிடியை விட்டுக்கொடுத்து நிறைய நேரத்தை வாங்கியதுதான் இதன் வெற்றி.

தயாரிப்பிலும் அந்த மெத்தில் தன் விலையைக் கேட்டது. லிராகுளுடைடின் தொடரை ஈஸ்டை வைத்தே வளர்த்தெடுக்க முடிந்தது, ஏனெனில் அதில் இருப்பவை எல்லாம் இயற்கையான அமினோ அமிலங்கள். ஏஐபிக்கு மரபுக் குறியீட்டில் சொல் இல்லை. ஈஸ்டுக்கு அதைக் கோக்கத் தெரியாது. ஆகவே செமாகுளுடைடில் பெரும்பகுதியை ஈஸ்டில் வளர்த்து, ஏஐபி உள்ள முன்முனையை வேதிமுறையில் தனியே இணைக்க வேண்டியதாயிற்று.

மாத்திரையாக்குவது தனிப் போராட்டம். 2019இல் வந்த செமாகுளுடைடு மாத்திரையில் எஸ்என்ஏசி என்ற துணைப்பொருள் 300 மில்லிகிராம் இருக்கிறது. மாத்திரை கரையும் இடத்தில் அது இரைப்பை அமிலத்தை உள்ளூரத் தணித்து, பெப்டைடு சுவரைத் தாண்ட உதவுகிறது. அப்படியும் ரத்தத்தை அடைவது ஒரு சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. வாரத்துக்கு 1 மில்லிகிராம் ஊசி போதும் என்ற இடத்தில், நாளுக்கு 14 மில்லிகிராம் வரை விழுங்க வேண்டியிருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீருக்கு மிகாமல் குடித்து, அரை மணி நேரம் காபிகூடத் தொடாமல் காத்திருக்க வேண்டும். குடல் சுவரை உண்மையாகவே தாண்டத் தெரிந்த பெப்டைடு சைக்ளோஸ்போரின். நார்வே மண்ணிலிருந்து எடுத்த பூஞ்சையில் கிடைத்த அந்த 11 அமினோ அமில வளையத்தில், 7 நைட்ரஜன்களின் மேல் மெத்தில் அமர்ந்திருக்கிறது. மிஞ்சிய நான்கும் தமக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்கின்றன. சவ்வுக்குள் நுழையும்போது தண்ணீரைக் கேட்க எதுவும் மிச்சமில்லை. இயற்கை செய்ததைப் பார்த்து வேதியியலாளர்கள் செய்ய முயல்வது இன்னும் பாதிக் கிணறு தாண்டிய நிலையில்தான் இருக்கிறது.

எலியிடமிருந்து கடன் வாங்கிய வழியும் உண்டு. இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் அமைலின், 37 அமினோ அமிலம் கொண்டது. மனித அமைலின் கரைசலில் இழை இழையாகத் திரண்டுவிடும். குப்பியில் வைக்கவே முடியாது. எலியின் அமைலின் திரள்வதில்லை. 25, 28, 29 ஆகிய இடங்களில் அதில் புரோலின் இருப்பதே காரணம். அதே மூன்று இடங்களில் புரோலினை வைத்த மனித அமைலின்தான் 2005இல் ஒப்புதல் பெற்ற பிராம்லின்டைடு.

தோல்விகள் பாடப்புத்தகங்களில் சுருங்கிப்போகின்றன. டாஸ்போகுளுடைடு என்ற ஜிஎல்பி-1 வகை மருந்திலும் 8ஆம் இடத்தில் ஏஐபி இருந்தது, 35இலும் இருந்தது. வாரம் ஒரு ஊசியாகவே திட்டமிடப்பட்டது. ஒவ்வாமையும் குமட்டலும் அதிகமாகி 2010இல் மூன்றாம் கட்ட ஆய்வில் மருந்து கொடுப்பது நிறுத்தப்பட்டது. பங்கேற்றவர்களில் பலருடைய உடல் அதற்கு எதிர்ப்பொருள் உருவாக்கியிருந்தது. எரித்ரோபொயட்டினுக்குப் பதிலாக வந்த பெஜினசடைடு, பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்த்து ஆயுளை நீட்டிய பெப்டைடு. 2012 மார்ச்சில் ஒப்புதல் பெற்று, உயிருக்கே உலை வைத்த ஒவ்வாமையால் 2013 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. சோதனைக்குழாயில் நொதியைத் தாங்கியது என்பது மனித உடல் அதை ஏற்றுக்கொண்டது என்பதற்குச் சான்றல்ல.

சில நேரம் பெப்டைடைச் சீர்திருத்துவதைவிட அதைக் கைவிடுவதே சரியான வடிவமைப்பு. பிரேசிலின் ஜராராக்கா விரியன் நஞ்சில் கிடைத்த 9 அமினோ அமிலத் தொடரான டெப்ரோடைடு ரத்த அழுத்தத்தைக் குறைத்தது, ஊசியாகப் போட்டால் மட்டும். ஸ்குவிப் நிறுவனத்தில் டேவிட் குஷ்மனும் மிகேல் ஒன்டெட்டியும் அதன் வால்முனைப் புரோலினை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தத் தொடர் தடுக்கும் நொதியின் துத்தநாக அயனியைப் பிடிக்க ஒரு கந்தகத் தொகுதியைச் சேர்த்தார்கள். 1981இல் அது காப்டோபிரில் மாத்திரையாக வந்தது.

இந்தத் துறையில் நுழையும் மாணவர்களில் பலருக்குப் புது மூலக்கூறு வடிவமைக்கும் வேலை உடனே அமையாது. காப்புரிமை முடிந்த பெப்டைடுகளைத் தயாரிக்கும் ஆலைகளிலும் பகுப்பாய்வுக் கூடங்களிலும்தான் முதல் வேலை இருக்கும். லிராகுளுடைடு, டெரிபாரடைடு, குளுகாகான், டெடுகுளுடைடு, நெசிரிடைடு ஆகிய ஐந்தையும் செல்லில் வளர்க்காமல் வேதிமுறையில் தயாரித்து ஒப்புதல் கேட்பவர்களுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி, மூல மருந்தில் இல்லாத புதிய மாசு எதுவும் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 0.10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது என்னவென்று அடையாளம் காட்ட வேண்டும். ஹிஸ்டிடினைக் கோக்கும்போது அதில் ஒரு பங்கு தானாகவே டி-வடிவத்துக்குப் புரண்டுவிடுவது பெப்டைடு வேதியியலில் எல்லோரும் அறிந்த தொல்லை. எடை மாறாது, நிறை நிறமாலை மட்டும் எடுத்தால் வித்தியாசம் தெரியாது. ஆக்ட்ரியோடைடில் திட்டமிட்டு வைத்த அதே புரட்டல், ஜிஎல்பி-1 தொடரின் 7ஆம் இடத்தில் தற்செயலாக நேர்ந்தால் மாசு. அதைப் பிரித்துக் காட்டவும், எந்தப் படியில் நேர்ந்தது என்று சொல்லவும் தெரிந்தவர்களே இந்தத் துறைக்கு இப்போது அதிகம் தேவைப்படுகிறார்கள்.